'பிரசன்ட்லி' என்றால் இப்போதா, இனிமேலா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் இங்கிலாந்து பையருக்கு, 'வீ ஆர் சென்டிங் த செகண்ட் லாட் பிரசன்ட்லி' என்று மெயில் எழுதினேன். அந்த நேரத்தில் சரக்கு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. 'இரண்டாவது லாட்டை இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறோம்' என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். அவரோ, 'இன்னும் அனுப்பவில்லையா? எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்?' என்று பதில் எழுதிவிட்டார். எங்கள் மேலாளர், 'பிரசன்ட்லி என்றால் சீக்கிரத்தில் என்று மட்டும்தான் பொருள், இதுகூடத் தெரியாதா?' என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். கல்லூரியில் எங்களுக்கு 'தற்போது' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அகராதியில் இரண்டு பொருளும் இருக்கின்றன. யார் சொல்வது சரி? என் பயோடேட்டாவிலும் 'பிரசன்ட்லி வொர்க்கிங்' என்று எழுதியிருக்கிறேன். அதை மாற்ற வேண்டுமா?

— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கல்லூரியில் கற்ற பொருள் தவறில்லை. மேலாளர் சொன்ன பொருளும் தவறில்லை. 'மட்டும்தான்' என்று அவர் அடித்துச் சொன்னாரே, அது தவறு. பையர் மீதும் எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. உங்கள் வாக்கியம் இரண்டு பொருளுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. தமக்குப் பழகிய கதவு வழியாக அவர் உள்ளே போய்விட்டார். வணிகக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில் என்பதால் சொல்கிறேன்: பச்சையான இலக்கணப் பிழைகள் இவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. எழுவாயும் பயனிலையும் முட்டிக்கொண்டு நின்றால் படிப்பவர் சிரித்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொள்வார். பிழையே இல்லாத வாக்கியம் வேறொரு பொருளில் போய்ச் சேர்ந்தால், அப்படிப் போனது எழுதியவருக்கும் தெரியாது, படித்தவருக்கும் தெரியாது. உங்கள் பையர் கேள்வி கேட்டது நல்லதாயிற்று. கேட்காமல் காத்திருப்பவர்களும் உண்டு.

இந்த ஒரு சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள் வந்தது என்பது கொஞ்சம் சுவையான கதை. அது தெரிந்துவிட்டால், எங்கே எந்தப் பொருள் வரும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை குறையும்.

1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில், இலைகள் மட்டும் இருந்து கனி இல்லாத அத்திமரத்தை இயேசு சபிக்கிறார். அடுத்த வரி: 'அண்ட் பிரசன்ட்லி த ஃபிக் ட்ரீ விதர்ட் அவே.' நம் வீடுகளில் புழங்கும் பழைய தமிழ் வேதாகமம் இதே இடத்தில் 'உடனே அத்திமரம் பட்டுப்போயிற்று' என்கிறது. கவனியுங்கள், 'தற்போது' இல்லை, 'சற்று நேரத்தில்' என்பதும் இல்லை, 'உடனே'. அது எத்தனை சீக்கிரமாகப் பட்டுப்போயிற்று என்று சீடர்கள் வியப்பது அதற்கடுத்த வசனம். 'உடனே' என்று இல்லாவிட்டால் அந்த வியப்புக்கே இடமில்லை. அதே 1611-ஆம் ஆண்டில் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'த டெம்பஸ்ட்' நாடகத்திலும் ஓர் இடம் உண்டு. எஜமானன் பிராஸ்பரோ ஒரு வேலையை ஏவுகிறான். ஏவலுக்குக் காத்து நிற்கும் ஏரியல் என்ற ஆவி, 'பிரசன்ட்லி?' என்று கேட்கிறது. 'ஆமாம், கண் இமைக்கும் நேரத்தில்' என்பது எஜமானனின் பதில். ஆக, நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லின் நடப்புப் பொருள்களில் ஒன்று 'இந்த நொடியே'.

பிறகு என்ன ஆயிற்று? மனித இயல்பு குறுக்கே வந்தது. 'உடனே வருகிறேன்' என்று சொல்பவர்களில் உடனே வருபவர்கள் குறைவு. 'இதோ வந்துவிட்டேன்' என்று நாம் போனில் சொல்லும்போது பெரும்பாலும் வீட்டுப் படியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். 'இதோ' என்பது கண்ணெதிரே இருப்பதைச் சுட்டும் சொல். 'வந்துவிட்டேன்' என்பதோ முடிந்துபோன செயல். இரண்டையும் சேர்த்துச் சொன்ன பிறகும் எதிரில் இருப்பவர் இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்று சரியாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறார். சொல்பவர்கள் தாமதிக்கத் தாமதிக்க, கேட்பவர்கள் அந்தச் சொல்லையே தாமதத்தின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் 'பிரசன்ட்லி' மெல்ல மெல்ல 'உடனே'யிலிருந்து 'சற்று நேரத்தில்' என்பதற்கு இறங்கி வந்தது.

இந்த வழியில் இறங்கிய சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் இருக்கின்றன. இன்று நாம் 'சீக்கிரம்' என்ற பொருளில் எழுதும் 'சூன்' என்ற சொல்கூடப் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்றே பொருள்பட்டது. 'அனான்' என்று இன்னொரு சொல். ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் பிரான்சிஸ் என்ற விடுதிப் பையன் வருகிறான். இளவரசன் ஒரு பக்கம் பேச்சுக் கொடுத்து அவனை நிறுத்தி வைக்கிறான்; உள்ளறையிலிருந்து இன்னொருவன் 'பிரான்சிஸ்!' என்று ஓயாமல் கூப்பிடுகிறான். பையன் ஒவ்வொரு முறையும் 'அனான், அனான், சார்!' என்று குரல் கொடுக்கிறான். கால் மட்டும் நகர்வதில்லை. ஒரு சொல் எப்படித் தேய்கிறது என்பதை இதைவிட நன்றாக எந்த மொழியியல் நூலும் காட்டிவிட முடியாது என்பது என் எண்ணம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் 'டைரக்ட்லி' என்ற சொல் 'ட்ரெக்லி' என்று மருவி, 'என்றைக்காவது ஒரு நாள்' என்ற அளவுக்குத் தளர்ந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் 'ஜஸ்ட் நவ்' வருவதாகச் சொன்னால் உடனே கதவைத் திறந்து வைக்காதீர்கள். 'பிறகு ஒரு நேரத்தில்' என்பதுதான் அங்கே அதன் பொருள்.

சரி, 'தற்போது' என்ற பொருள்? அதுவும் பழையதே, 'பிரசன்ட்' என்ற அடிச்சொல்லிலிருந்து நேராகப் பிறந்தது. 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு இங்கிலாந்தின் இலக்கிய நடையில் அது அருகிப்போயிற்று. ஆனால் செத்துவிடவில்லை. ஸ்காட்லாந்தில் அது இடைவிடாமல் புழங்கியது. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மீண்டும் பரவலாகி, அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் வந்தது. உங்கள் பையர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்காரராக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் மக்கள் 'தற்போது' என்ற பொருளில் இதைத் தாராளமாகப் பயன்படுத்தும்போது, அங்குள்ள நடைக் கையேடுகள் அதைத் தடுக்கப் பார்த்தன. ஸ்ட்ரங்க், வைட் இருவர் பெயரில் வழங்கும் புகழ்பெற்ற கையேடு, 'இரண்டு பொருள் இருப்பதால் குழப்பம் வரும், எனவே சற்று நேரத்தில் என்ற பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்' என்ற வகையில் அறிவுரை சொல்கிறது. உங்கள் மேலாளரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரோ இப்படிப்பட்ட ஒரு நூலைப் படித்திருக்கக் கூடும். ஆனால் அந்தக் கையேடுகூட மற்றப் பொருள் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, தவிர்ப்பது நல்லது என்றுதான் சொல்கிறது. அறிவுரையை விதியாக்கி, விதியை வசைக்குக் கருவியாக்குவது நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா ஊரிலும் உண்டு.

நம் நாட்டு ஆங்கிலத்தில் 'தற்போது' என்ற பொருள்தான் ஓங்கி நிற்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் பிரமாணப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: இன்னாருடைய மகன், 'பிரசன்ட்லி ரிசைடிங் அட்' இன்ன முகவரி. நம் ஊர் ஆவண எழுத்தர் அதைத் 'தற்சமயம் வசித்து வரும்' என்று எழுதுவார். அதைப் படித்து, 'இவர் இனிமேல்தான் அங்கே குடிபோகப் போகிறார் போலும்' என்று எந்த நீதிபதியும் நினைப்பதில்லை. உங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது இந்த வழக்கைத்தான். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். படிக்கும்போது இரண்டு பொருளில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் வினைச்சொல்லின் காலமே சொல்லிவிடும். இது நமக்குப் புதிதன்று. 'இப்போது' என்ற நம் சொல்லையே பாருங்கள். 'இப்போது மழை பெய்கிறது' என்றால் நிகழ்காலம். 'அவர் இப்போது வந்துவிடுவார்' என்றால் இன்னும் வரவில்லை. 'இப்போதுதான் போனார்' என்றால் ஆள் இல்லை. ஒரே 'இப்போது' மூன்று காலத்துக்கும் உழைக்கிறது. நாம் ஒரு நாளும் தடுமாறியதில்லை, ஏனென்றால் வினை வழி காட்டுகிறது.

ஆங்கிலத்திலும் அப்படியே. 'த ஆஃபீஸ் இஸ் பிரசன்ட்லி க்ளோஸ்ட்' என்றால் அலுவலகம் தற்போது மூடியிருக்கிறது. அது ஒரு நிலை. வேறு பொருளுக்கு இடமில்லை. 'த டாக்டர் வில் சீ யூ பிரசன்ட்லி' என்றால் எதிர்காலம். டாக்டர் சற்று நேரத்தில் பார்ப்பார், நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். கதைகளில் இறந்தகாலத்தில் வந்தால், குறிப்பாக வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால், 'சற்றைக்கெல்லாம்' என்ற நம் அழகான பழைய சொல் அச்சாகப் பொருந்தும்: 'பிரசன்ட்லி த டோர் ஓப்பன்ட்', சற்றைக்கெல்லாம் கதவு திறந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே 'தற்போது கதவு திறந்தது' என்று எழுதிவிடுவதுண்டு. கதவு அந்தரத்தில் நிற்கும்.

இப்படி வினை வழி காட்டும் வரை சிக்கல் இல்லை. உங்கள் வாக்கியத்தில்தான் வினை கையை விரித்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் 'இஸ் கமிங்', 'ஆர் லீவிங்', 'ஆர் சென்டிங்' போன்ற தொடர்நிகழ்கால வடிவங்களுக்கு இரட்டை வேலை உண்டு. 'ஐ ஆம் லீவிங்' என்பது இப்போது கிளம்பிக்கொண்டிருப்பதையும் குறிக்கும். 'ஐ ஆம் லீவிங் டுமாரோ' என்று முன்பே முடிவான எதிர்காலத்தையும் குறிக்கும். நாமும் 'நாளைக்கு மதுரை போகிறேன்' என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? போவது, வருவது, அனுப்புவது, தொடங்குவது போன்ற வினைகளில் இந்த இரட்டை வேலை மிக அதிகம். வசிப்பது, வேலை செய்வது, படிப்பது போன்ற நீண்டு நிலைக்கும் வினைகளில் குறைவு. அதனால்தான் பிரமாணப் பத்திரத்தில் வராத குழப்பம் உங்கள் மெயிலில் வந்தது. இரட்டைப் பொருள் உள்ள வினையோடு இரட்டைப் பொருள் உள்ள சொல் ஒன்று கைகோத்துக்கொண்டது. 'அனுப்பிக்கொண்டிருக்கிறோம்' என்றும் படிக்கலாம், 'விரைவில் அனுப்புகிறோம்' என்றும் படிக்கலாம்.

சொல் நின்ற இடமும் உங்களுக்கு எதிராக வேலை செய்தது. 'தற்போது' என்ற பொருளில் வரும்போது இந்தச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் நடுவில், வினையை ஒட்டி உட்காரும். கடைசியில் வந்தால் 'விரைவில்' என்ற பொருளின் பக்கம் சாயும். 'வீ ஆர் பிரசன்ட்லி சென்டிங்' என்று எழுதியிருந்தால் தராசு கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். அப்போதும் முழுதாகச் சாய்ந்திருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

என் ஆலோசனை எளிது: சரக்கு, பணம், தேதி சம்பந்தப்பட்ட கடிதத்தில் இந்தச் சொல்லை நீங்கள் எழுதவே வேண்டாம். பிறர் எழுதினால் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் பையரைப் போலக் கேட்டுவிடுங்கள். 'தற்போது' என்று சொல்ல 'நவ்' இருக்கிறது, 'கரன்ட்லி' இருக்கிறது, 'அட் பிரசன்ட்' இருக்கிறது. 'விரைவில்' என்று சொல்ல 'சூன்', 'ஷார்ட்லி' இருக்கின்றன. இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: 'அட் பிரசன்ட்', 'பிரசன்ட்லி' இரண்டையும் குழைத்து 'அட் பிரசன்ட்லி' என்று எழுதும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது எந்தப் பொருளிலும் ஆங்கிலம் ஆகாது.

சொல்லப்போனால், உங்கள் மெயிலுக்கு 'நவ்' என்பதும் போதாது. திருப்பூரில் மணி காலை பத்து என்றால் இங்கிலாந்தில் விடியற்காலை. குளிர்காலத்தில் நாம் ஐந்தரை மணி நேரமும் கோடைகாலத்தில் நாலரை மணி நேரமும் முன்னால் இருக்கிறோம். அவர் காலை ஒன்பதுக்கு வந்து மெயிலைத் திறக்கும்போது நம் ஊரில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். நீங்கள் எழுதிய 'இப்போது' அவர் கைக்குப் போவதற்குள் பழையதாகிவிடுகிறது. லாரி அதற்குள் தாராபுரத்தையும் தாண்டியிருக்கலாம். அதனால் நேரத்தைச் சொல்லும் சொல்லுக்குப் பதில் நேரத்தையே எழுதுங்கள். 'இரண்டாவது லாட் இன்று, மார்ச் 12, காலை 10 மணிக்கு எங்கள் ஃபேக்டரியிலிருந்து புறப்பட்டது. மார்ச் 13 காலை தூத்துக்குடித் துறைமுகத்தை அடையும்' என்ற செய்தியை உங்கள் தேதிகளைப் போட்டு இரண்டே வாக்கியங்களில் சொல்லலாம். மாதத்தை எண்ணால் குறிக்காமல் பெயராலேயே எழுதுங்கள். இங்கிலாந்துக்காரர் நம்மைப் போலவே நாளை முதலில் எழுதுவார்; நாளைக்கே உங்களுக்கு அமெரிக்க பையர் ஒருவர் வந்தால் மாதத்தை முதலில் படிப்பார்.

அமெரிக்க பையர் என்றதும் 'மொமென்டரிலி' என்ற சொல்லையும் சொல்லி வைக்கிறேன். இதுவும் இதே சாதி. இங்கிலாந்தில் இதற்குப் பொருள் 'ஒரு கணம்'. அமெரிக்காவில் 'ஒரு கணத்தில்' என்ற பொருளும் உண்டு. நமக்கு ஒரு வேற்றுமை உருபு செய்துவிடுகிற வேலையை ஆங்கிலம் கடல் கடந்து செய்கிறது. விமானம் 'மொமென்டரிலி' தரையிறங்கும் என்ற அறிவிப்பைக் கேட்ட ஆங்கிலேயர், 'ஒரு கணம் இறங்கிவிட்டு மறுபடியும் ஏறிவிடுமா? நாங்கள் எப்படி இறங்குவது?' என்று கேட்பதாக ஒரு பழைய நகைச்சுவை உண்டு. 'பிரசன்ட்லி'க்குச் சொன்ன மருந்தே இதற்கும்.

மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதியை எடுத்துப் போய் அவர் மேசை மேல் விரித்து வைக்க வேண்டாம். பையருக்குத் தேதியோடு பதில் அனுப்பி, அதன் நகலை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். வாய்ப்பு வரும்போது, 'சார், அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் இருக்கிறதாம், அதனால் இனி இரண்டு பேருமே எழுதாமல் விட்டுவிடலாம்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் எழுதிய பழைய மெயில்களிலும் அந்தச் சொல் இருக்கும் என்றே நினைக்கிறேன், எந்தப் பொருளில் என்பதுதான் தெரியவில்லை.

பயோடேட்டா விஷயத்தில் அவசரமாக மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. 'பிரசன்ட்லி வொர்க்கிங்' என்பதை யாரும் 'இனிமேல் வேலைக்குச் சேரப் போகிறார்' என்று படிக்க மாட்டார்கள். மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால் 'கரன்ட்லி' என்று போடலாம். நான் திருத்தினால் இரண்டையுமே எடுத்துவிடுவேன். பதவியின் பெயர், நிறுவனத்தின் பெயர், சேர்ந்த மாதமும் ஆண்டும், அதன் பின் ஒரு சிறு கோடு, 'டில் டேட்'. பழைய வேலைகளுக்கு இரண்டு தேதிகள் இருக்கும், இதற்கு ஒன்றுதான் இருக்கும். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.